வாவிக்கரையில் நிற்கும் பறவை வெளிநாட்டுப் பறவையா?

பேர வாவியைச் சுற்றி மாலையில் நடப்பவர்கள் கூழைக்கடாக்களைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. வாவியோரத்து விளக்குக் கம்பங்களின் உச்சியிலும் மரக்கிளைகளிலும், அலகின் கீழ்த் தொங்கும் பையை மார்போடு சாய்த்துக்கொண்டு, கீழே ஓடும் பேருந்துகளையும் முச்சக்கர வண்டிகளையும் பொருட்படுத்தாமல் அவை அமர்ந்திருக்கும். கடந்த தை மாதத்தில் ஒரு நாள் அங்கே நான் நின்றபோது, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அவருடைய பேத்தி, "அப்பப்பா, இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். "சைபீரியாவில இருந்து வாறது, பிள்ளை. அங்க சரியான குளிர். அதுதான் இங்க வந்து முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சுக்கொண்டு திரும்பிப் போகும்" என்றார் அவர். பதில் அன்போடு சொல்லப்பட்டது. ஆனால் அதில் இருந்த மூன்று செய்திகளும் தவறானவை.

அந்தப் பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. நாளிதழ்ப் படங்களின் கீழும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளிலும், பூங்காவில் நடக்கும் பேச்சிலும் இதே மூன்று செய்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: பழக்கமில்லாத பெரிய பறவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது, குளிருக்கு அஞ்சி வந்தது, முட்டையிட வந்தது. அவர்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர்களுடைய காலடியிலிருந்து சில முழ தூரத்தில், வாவியின் கருங்கல் விளிம்பில், மைனாவை விடச் சிறிய பழுப்பு நிறப் பறவை ஒன்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் உள்ளான். உண்மையில் கடலும் மலையும் கடந்து வந்திருந்தது அதுதான். அதை எவரும் பார்க்கவில்லை.

நாம் பார்த்து வியக்கும் பறவை நம்மோடே வாழ்வதாகவும், நாம் கவனிக்காமல் கடந்து போகும் பறவை தொலைதூரப் பயணியாகவும் இருப்பது கொழும்பின் எந்த வாவிக்கரையிலும் நடப்பதுதான். இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் வலசை என்ற ஒரு சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

வெள்ளவத்தையில் மூன்று வகை மனிதர்கள்

பறவைகளுக்குப் போகுமுன் காலி வீதிக்கு வருவோம். ஓகஸ்ட் மாதத்தில் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் நடந்தால் மூன்று வகையான மக்களைக் காணலாம். ஆண்டு முழுவதும் இங்கேயே குடியிருப்பவர்கள் ஒரு வகை. இங்கே வீடு இருந்தாலும் நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் யாழ்ப்பாணம் போய் வருபவர்கள் இன்னொரு வகை. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் வந்து, அதே உறவினர் வீட்டில் தங்கி, குறித்த நாளில் விமானம் ஏறுபவர்கள் மூன்றாம் வகை. இவர்களில் யார் எந்த வகை என்பதை உடுப்பையும் உருவத்தையும் பார்த்துச் சொல்ல முயன்றால் பெரும்பாலும் பிழையாகிப் போகும். அவர்கள் எப்போது இங்கே இருக்கிறார்கள், எப்போது இல்லை என்பதைக் கவனித்தால்தான் விடை கிடைக்கும்.

பறவைகளிலும் இதே மூன்று வகைகள் உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து, அங்கேயே கூடு கட்டுவது நிலைவாழ் பறவை. நாட்டுக்குள்ளேயே நீரையும் இரையையும் தேடி இடம் மாறிக்கொள்வது உள்நாட்டு நகர்வு. இனப்பெருக்கம் செய்யும் நிலம் ஒன்று, மற்றக் காலத்தைக் கழிக்கும் நிலம் வேறொன்று என்று இரண்டு நிலங்களை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் குறித்த பருவத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்புவதே வலசை. இந்த வரையறையில் "திரும்புவது" என்ற சொல் முக்கியமானது. புயலில் அடிபட்டு ஒரு முறை வந்து சேரும் பறவை வலசைப் பறவை ஆகாது. வழி தவறிய பறவை மட்டுமே.

இப்போது கூழைக்கடாவுக்கு வருவோம். அது இலங்கையின் நிலைவாழ் பறவை. உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டி இங்கேயே குஞ்சு வளர்க்கிறது. பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்காவிலும் தியவன்னா ஓயாவின் கரைகளிலும் நாம் கமராவைத் தூக்கும் பறவைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். அலகின் நடுவே இடைவெளி உள்ள நத்தைகுத்தி நாரை, வளைந்த கறுப்பு அலகு கொண்ட அரிவாள் மூக்கன், நீரில் கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்பு போல நீந்தும் பாம்புத்தாரா, சிறகை விரித்து வெயிலில் காய வைக்கும் நீர்க்காகம், செந்நிற நெற்றிக் கவசத்தோடு புல்லுக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழி, சீழ்க்கை அடித்தபடி பறக்கும் மரத்தாரா, வெண்மார்பு மீன்கொத்தி ஆகிய எல்லாம் இலங்கையில் பிறந்து இலங்கையிலேயே வளர்ந்தவை.

அப்படியானால் சில மாதங்களில் இவற்றின் எண்ணிக்கை திடீரென்று கூடுவதும் குறைவதும் ஏன் என்ற கேள்வி நியாயமானது. விடை உள்நாட்டு நகர்வில் இருக்கிறது. நீர்ப்பறவைக்குத் தேவை வெறும் நீர் அன்று; தன் காலுக்கும் அலகுக்கும் ஏற்ற ஆழமுள்ள நீர். வறண்ட வலயத்துக் குளம் ஒன்று கோடையில் வற்றி வெடிப்பு விடும்போதும், பருவ மழையில் கரை தளும்ப நிறைந்து நாரையின் காலுக்கு ஆழமாகிப் போகும்போதும், அங்கே இருந்த பறவைகள் வேறு இடம் தேடுகின்றன. நாரைகளும் கூழைக்கடாக்களும் வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் சிறகை அசைக்காமலேயே உயர்ந்து, அதிகம் களைக்காமல் நெடுந்தூரம் மிதந்து செல்லக்கூடியவை என்பதால் இந்த இடமாற்றம் அவற்றுக்குப் பெரிய காரியமன்று.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பெரிய பறவை, விநோதமான பறவை, திடீரென்று கூட்டமாகத் தோன்றும் பறவை என்பதற்காக அதை வெளிநாட்டுப் பறவை என்று சொல்ல முடியாது. இரண்டு நிலங்களுக்கு இடையே ஆண்டுதோறும் போய்த் திரும்புவது மட்டுமே வலசை.

கூட்டைத் தேடுங்கள்

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரே ஒரு சோதனைதான். ஒரு பறவை இங்கே கூடு கட்டியிருப்பதையோ குஞ்சுக்கு இரை ஊட்டுவதையோ நீங்கள் கண்டால், அந்தப் பறவை தொலைதூர வலசைப் பறவை அல்ல என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இலங்கைக்கு வரும் பறவைகள் இங்கே முட்டையிடுவதில்லை. அவை இங்கே உண்கின்றன, ஓய்வெடுக்கின்றன, தேய்ந்த இறகுகளை உதிர்த்துப் புதிய இறகுகளை வளர்த்துக்கொள்கின்றன. கூடு கட்டுவது வடக்கே திரும்பிப் போன பிறகுதான். கிழக்கே குமணையில் வில்லு எனப்படும் ஆழம் குறைந்த நீர்நிலைகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே காலத்தில் கூடு கட்டுவதைக் காட்டி, "வெளிநாட்டுப் பறவைகள் குஞ்சு பொரிக்க வந்திருக்கின்றன" என்று எழுதுவார்கள். அங்கே கூடு கட்டுபவை கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவுமாகிய இந்நாட்டுப் பறவைகளே.

நம் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். பிள்ளை பிறப்பது அங்கே. ஆனால் அவள் குடும்பம் நடத்துவதும் வேலைக்குப் போவதும் ஆண்டின் பெரும் பகுதியைக் கழிப்பதும் வேறு வீட்டில். வலசைப் பறவைக்கு வடக்கு நிலம் அந்தத் தாய்வீடு போன்றது. நம் வாவிக்கரை அது குடியிருக்கும் வீடு. இந்த ஒப்புமையை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு வருவதெல்லாம் எளிதாகும்.

இங்கே இரண்டு சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, உடை மாற்றம். தலங்கம குளத்தில் தாமரை இலைகளின் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியை இனப்பெருக்கக் காலத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரும்பழுப்பு உடல், வெள்ளை முகம், பின்கழுத்தில் பொன் பூசியது போன்ற மஞ்சள், அரிவாள் போல் வளைந்து தொங்கும் நீண்ட வால் என்று அது தனி அழகோடு நிற்கும். இலையின் மேல் கால் வைக்கும்போது அதன் நீண்ட விரல்கள் கைவிசிறி போல விரிந்து உடலின் பாரத்தைப் பரப்பிவிடுவதால் இலை சற்றே அமிழ்ந்து மீளுமே தவிர மூழ்காது. அந்தக் காலம் முடிந்ததும் நீண்ட வால் உதிர்ந்துவிடும். முதுகு வெளிர் பழுப்பாகும். மார்பு வெள்ளையாகி, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரியும். அதே குளத்தில் அதே பறவையைப் பார்த்துவிட்டு, "அந்த வால் நீண்டது போய்விட்டது, வேறொரு பறவை வந்திருக்கிறது" என்று சொன்னவர்களை நான் அறிவேன். எதுவும் போகவுமில்லை, வரவுமில்லை. வயலில் மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாவதும், மடையானின் முதுகு திடீரென்று கருஞ்சிவப்பாவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது சிக்கல், ஒரே இனத்தில் உள்ளூரானும் பயணியும் கலந்திருப்பது. அரசவால் ஈப்பிடிப்பான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் ஆண்டு முழுவதும் வாழும் ஆண் பறவைக்கு வால் நீண்டாலும் நிறம் செம்பழுப்பாகவே இருக்கும். பால் வெள்ளை உடலும் வெள்ளை நாடா போன்ற வாலும் கொண்ட ஆண், குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வருவது. சிங்கள மக்கள் வெள்ளையை "சுது ரெதி ஹொரா" என்றும், அதாவது வெள்ளைத் துணி திருடன் என்றும், செந்நிறத்தை "கினி ஹொரா", நெருப்புத் திருடன் என்றும் அழைப்பார்கள். வேறுபாட்டைப் பெயரிலேயே பதித்து வைத்த அந்தக் கூர்மை எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

வானத்தில் பறக்கும் தகைவிலான்களிலும் இப்படி ஒரு சோடி உண்டு. வயிறு முழுவதும் ஆழ்ந்த செந்நிறமாக இருந்தால் அது உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இலங்கைத் தகைவிலான். மதகுகளின் கீழும் கட்டடங்களின் ஓரத்திலும் சேற்றால் கூடு கட்டுவது. தொண்டை மட்டும் செந்நிறமாகவும், அதன் கீழ் ஒரு கருங்கோடும், வயிறு வெளிறியும் இருந்தால் அது வடக்கிலிருந்து வந்த பயணி. ஒரே மின்கம்பியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாளும் உண்டு.

குளிருக்கு அஞ்சியா வருகின்றன?

பறவையின் இறகு மிகச் சிறந்த போர்வை. உள்ளே இருக்கும் மென்தூவிகள் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்வதால் உடற்சூடு வெளியேறுவதில்லை. உறைபனி நாடுகளில் குளிர்காலம் முழுவதும் இடம்பெயராமல் வாழும் சிறு குருவிகள் பல இருக்கின்றன. ஆகவே குளிர் நேரடியான காரணம் அன்று. காரணம் பசி.

வடக்கே குளிர்காலம் வந்தால் பறக்கும் பூச்சிகள் மறைந்துவிடும். ஏரிகள் உறையும். சேறு கல்லாகும். விதை தின்னும் குருவி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஆனால் காற்றில் பூச்சி பிடித்து உண்ணும் தகைவிலானும், ஈரக் கரையில் பூச்சியும் புழுவும் பொறுக்கும் உள்ளானும் அங்கே இருந்தால் பட்டினிதான். கடையில் சாமான் தீர்ந்துவிட்டால் கடையின் வாசலில் நின்று பயனில்லை என்பது போல, இரை தீருமுன்னே அவை புறப்பட்டுவிடுகின்றன.

இதற்கு மேல் எழும் கேள்விதான் பலரும் கேட்க மறப்பது. இங்கே ஆண்டு முழுவதும் பூச்சியும் நீரும் இருக்கும்போது அவை ஏன் திரும்பிப் போக வேண்டும்? இங்கேயே தங்கிக் கூடு கட்டலாமே?

விடை பகலின் நீளத்தில் இருக்கிறது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே ஒரு மணி நேர வேறுபாடு கூட இல்லை. எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆனால் வட அகலாங்கு 60 பாகையில், யூன் மாதத்தில், பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. பனி உருகிய ஈர நிலத்தில் பூச்சிகள் கோடிக்கணக்கில் பெருகும். கூட்டில் வாய் திறந்து கத்தும் நான்கைந்து குஞ்சுகளை வைத்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும், இரை தேட ஒரு நாளில் ஏழு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்று எண்ணிப் பாருங்கள். அத்துடன், இங்கே ஆண்டு முழுவதும் வாழும் பறவைகளோடு கூட்டிடத்துக்கும் இரைக்கும் போட்டி போட வேண்டிய தேவையும் அங்கே குறைவு. ஆகவே வலசை என்பது குளிரிலிருந்து தப்பி ஓடுவதும் அல்ல, சுற்றுலாவும் அல்ல. குஞ்சு வளர்க்க நல்ல காலத்தில் ஓரிடத்தையும், உயிர் பிழைக்க நல்ல காலத்தில் மற்றோரிடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு.

புறப்படும் நாள் எப்படித் தெரிகிறது?

வடக்கே இருக்கும் பறவைக்குப் பகல் குறைவது ஓர் அறிவிப்பு. ஆனால் பகலின் நீளம் பெரிதாக மாறாத கொழும்பில் இருக்கும் பறவைக்கு, வடக்கே பனி உருகத் தொடங்கிவிட்டது என்று யார் சொல்வது? அதன் உடலுக்குள்ளேயே ஏறத்தாழ ஓர் ஆண்டைச் சுற்றி வரும் உயிரியல் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. இதை ஆண்டுக் கடிகாரம் என்று அழைக்கலாம். வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில் வளர்க்கப்பட்ட வலசைப் பறவைகள் கூட, உரிய பருவம் நெருங்கும்போது கொழுப்புச் சேர்ப்பதையும், இரவில் உறங்காமல் கூண்டுக்குள் சிறகடித்துத் தாவுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியே பகலின் நீளம் அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்தி வைக்கும் வேலையைச் செய்கிறது.

புறப்படுவதற்கு முன் சில வாரங்கள் பறவை ஓயாமல் உண்கிறது. உண்டதைத் தோலின் கீழ்க் கொழுப்பாகச் சேமிக்கிறது. ஒரே எடையுள்ள மாச்சத்தை விடக் கொழுப்பு இரு மடங்குக்கும் கூடுதலான ஆற்றலைத் தருவதால், சுமக்க வேண்டிய பாரம் குறைந்த எரிபொருள் அதுதான். சில சிறு பறவைகள் இந்தக் காலத்தில் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீற்றர் தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. அதன் உடலில் பொருத்தப்பட்ட சிறு செய்மதிக் கருவியால் இது உறுதியானது. வழியில் இரையில்லை, நீரில்லை, உட்கார இடமில்லை. அந்தப் பயணம் முழுவதையும் நடத்தியது சேமித்த கொழுப்புதான்.

சுருக்கமாக: காரணம் இரை, நாள் குறிப்பது உள்ளே ஓடும் கடிகாரமும் வெளியே மாறும் பகலும், எரிபொருள் கொழுப்பு.

வழி எப்படித் தெரிகிறது?

யாழ்ப்பாணத்துக்கு இரவில் வாகனம் ஓட்டுபவர் ஒரே ஓர் அடையாளத்தை நம்பிப் போவதில்லை. வீதிப் பெயர்ப்பலகை, கைத்தொலைபேசியில் வரைபடம், தெரிந்த சந்தி, மதவாச்சியைத் தாண்டிவிட்டோம் என்ற நினைவு என்று பலவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக்கொண்டே போகிறார். பறவையும் அப்படித்தான். பகலில் சூரியனின் இருப்பிடம், இரவில் விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம், ஆறும் கடற்கரையும் போன்ற நில அடையாளங்கள் ஆகிய எல்லாவற்றையும் அது பயன்படுத்துகிறது.

விண்மீன்களைப் பற்றிய செய்தி மிக அழகானது. நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் கொழும்புக் கோளரங்கத்துக்குப் போய்ச் செயற்கை வானத்தைப் பார்த்திருப்பார்கள். 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லென் என்ற அறிஞர், இரவில் வலசை போகும் நீலநிறச் சிறு குருவிகளை அத்தகைய கோளரங்கம் ஒன்றின் உள்ளே வைத்துப் பார்த்தார். வானத்தை அவர் திருப்பி வைத்தபோது குருவிகள் தாவ முயன்ற திசையும் திரும்பியது. குஞ்சுப் பருவத்தில் வானத்தைப் பார்த்து, எந்தப் புள்ளியைச் சுற்றி மற்ற விண்மீன்கள் சுழல்கின்றனவோ அதுவே வடக்கு என்று அவை கற்றுக்கொள்கின்றன என்பது இந்த ஆய்வுகளால் தெரிந்தது. செல்ல வேண்டிய திசையோ பிறப்பிலேயே வருவது. பல கரையோரப் பறவைகளில் தாயும் தந்தையும் முதலில் புறப்பட்டுவிட, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் வழிகாட்ட எவருமின்றிச் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே வருகின்றன.

பல இனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வான்வழி வலசைப்பாதை எனப்படும். இலங்கைக்கு வருபவற்றில் மிகுதியானவை மத்திய ஆசிய வலசைப்பாதையில் வருகின்றன. இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டி வருவது, கிழக்குக் கரையை ஒட்டி வருவது, அந்தமான் தீவுகளின் பக்கமிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வருவது என்று மூன்று வழிகளால் அவை இந்தத் தீவை அடைகின்றன. இலங்கை அந்தப் பாதையின் தெற்கு முனைகளில் ஒன்று. தீவின் தென்கோடியான தெவிநுவரைக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலம் இல்லை. எனவே இங்கே உள்ள ஒரு சதுப்பு நிலம் நிரப்பப்பட்டால், "இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பார்ப்போம்" என்று சொல்ல அந்தப் பறவைக்கு வழியில்லை.

சிறு பறவைகள் பல இரவில் பயணம் செய்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், ஒக்டோபரில் ஒரு விடியற்காலை, எங்கள் மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அவர்களுடைய பல்கனிக் கண்ணாடியின் அடியில் ஒரு பறவை கிடந்தது. பச்சை முதுகு, மஞ்சள் பழுப்பு மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, கட்டைவிரல் நீளமே உள்ள குட்டை வால். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று தமிழில் பெயர் பெற்றது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இந்தக் குருவி, குளிர்காலத்தில் தெற்கே வரும்போது நகர வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவது கொழும்பில் அரிதன்று. அதன் வாயில் நீர் ஊற்ற அக்கா ஒரு கிண்ணத்தோடு நின்றார். மூச்சுக்குழாயில் நீர் போய்விடக்கூடும் என்று தடுத்தோம். காற்றுத் துளையிட்ட சப்பாத்துப் பெட்டியில் பழந்துணியை விரித்து, இருட்டான மூலையில் வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் கால் கீறும் ஓசை கேட்டது. அடுத்த தெருவில் மரநிழல் அடர்ந்த தோட்டம் ஒன்றில் மூடியைத் திறந்ததும், அது வெளியே தாவி, இரண்டு நொடி நின்று, சருகுக்குள் ஓடி மறைந்தது.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தது?

1899இல் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்ட்டன்சன் என்ற ஆசிரியர் பறவைகளின் காலில் முகவரியும் எண்ணும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். வளையமிட்ட பறவை வேறெங்கோ பிடிபடும்போது அதன் இரு இடங்கள் தெரிந்துவிடும். வளையமிடல் எனப்படும் இந்த முறை இன்றும் உலகெங்கும், இலங்கையிலும், நடக்கிறது. அதனோடு செய்மதிக் கருவிகளும் பறவைக் கணக்கெடுப்புகளும் சேர்ந்துகொண்டன. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவும் சேர்த்து வைத்த குறிப்புகளே இந்நாட்டில் எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்பதற்கு ஆதாரமாக உள்ளன. அவற்றில் பெரும் பகுதி, சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் காலையில் எழுந்து போய் எழுதியவை.

நீங்களே பார்க்க

விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரண இருகண் நோக்கி போதும்; அதுவும் இல்லாமல் தொடங்கலாம். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் சிறந்தது. ஒரே இடத்தைத் தெரிவு செய்து, செப்டெம்பரில் ஒரு முறை, தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை என்று போய், கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆடியிலும் இருப்பவை இங்கேயே வாழ்பவை. ஆடியில் காணாமல் போனவற்றுள்தான் உங்கள் பயணிகள் இருக்கிறார்கள்.

தலங்கம குளத்தில் இதற்கு நல்ல பாடம் மீசை ஆலா. குளிர்காலம் முழுவதும் வெள்ளையும் சாம்பலுமாக நீரின் மேல் தாழப் பறந்து, பரப்பைத் தொட்டுத் தொட்டு இரை எடுக்கும். சித்திரை நெருங்கும்போது ஒவ்வொன்றாக அவற்றின் தலையில் கருந்தொப்பி முளைப்பதும், வயிறு கரிய சாம்பலாவதும் வெறுங்கண்ணுக்கே தெரியும். தாய்வீட்டுக்குப் போகும் ஆயத்தம் அது. பிறகு ஒரு வாரம் போனால் குளத்தின் மேல் வானம் வெறிச்சென்று இருக்கும்.

ஒரு வேண்டுகோள். நல்ல படம் வேண்டும் என்பதற்காகக் கரையில் இரை தேடும் பறவையை நெருங்கி நெருங்கிப் போய்ப் பறக்க வைக்காதீர்கள். கை தட்டிக் கிளப்பிவிடும் பிள்ளைகளையும் மெல்லத் தடுங்கள். ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் அது செலவழிப்பது, பங்குனியிலும் சித்திரையிலும் பயணத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கும் அதே கொழுப்பைத்தான். பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடி குனிந்து இரை தேடத் தொடங்கும்.

2018இல் டுபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் சதுப்புகள் நகருக்கு உள்ளேயே இருப்பதற்காகக் கிடைத்த பெயர் அது. அந்தச் சதுப்புகளை நம்பி வரும் பறவைகளை நாம் விருந்தாளிகள் என்று அழைப்பது எனக்கு இப்போது பொருத்தமாகப் படுவதில்லை. உள்ளானின் நாட்காட்டியைப் பாருங்கள். ஓகஸ்டில் வந்து சேர்கிறது, சித்திரையில் புறப்படுகிறது. வடக்கே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் சில வாரங்களும் வழிப்பயணமும் போக, ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் அது தெற்கேதான் வாழ்கிறது.

வெள்ளவத்தைக் கால்வாயின் கரைச்சுவரில், கபரகொய்யா வெயில் காயும் படியிலிருந்து சற்றுத் தள்ளி, ஒவ்வோர் ஆண்டும் ஓர் உள்ளான் நிற்கிறது. காலில் வளையம் இல்லாததால் அதே பறவைதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உள்ளான்கள் பல ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குத் திரும்புவதுண்டு. இந்த ஆண்டு ஓகஸ்ட் மூன்றாம் வாரத்தில், மீன் வாங்கப் போன வழியில் எட்டிப் பார்த்தபோது சுவரின் கீழ்ப்படியில் அது இருந்தது. தோளின் முன்னே வெள்ளை வளைவு, ஓயாமல் ஆடும் வால். ஒரு பிளாஸ்ரிக் போத்தல் மிதந்து வந்து சுவரில் முட்டியது. அது ஓரடி தள்ளி நின்று, கல்லிடுக்கிலிருந்து எதையோ கொத்தி எடுத்தது.